குழாயில் முதலில் வருவது காற்று

நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும்பி அடுப்படிக் குழாயைத் திறந்தால் முதலில் தண்ணீர் வராது. 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு குழாய் இரண்டு மூன்று முறை இருமும். அதன் பின்னர் செம்மண் நிறத்தில் கொஞ்சம் வரும். அதற்கும் பின்னர்தான் தெளிந்த தண்ணீர். உம்மா முதல் வாளியைத் தென்னை மரத்தடியில் ஊற்றிவிட்டு, இரண்டாவது வாளியிலிருந்துதான் சமையலுக்கு எடுப்பார். "பைப் தண்ணி வரப்போகுது" என்பதற்கு எங்கள் வீட்டில் அந்தச் சத்தமே அடையாளம். பல வருடங்கள் அதனை நல்ல செய்தி என்றே நினைத்திருந்தேன். உயர்தர வகுப்பில் நீரைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் காற்றுச் சத்தம் என்னைப் பயமுறுத்தத் தொடங்கியது. ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

எங்கள் உம்மம்மாவின் சிறு வயதில் எல்லாம் கிணறுதான். கடலும் களப்பும் சூழ்ந்த ஊர் இது. ஒரு வளவில் நன்னீர் ஊறும். அடுத்த வளவில் உவர்நீர் ஊறும். நல்ல கிணறு உள்ள வீட்டுக்குப் பின்னேரத்தில் பெண்கள் குடத்தோடு வருவார்களாம். கலங்கல் தண்ணீர் என்றால் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசி விடுவார்கள். விடியும்போது சேறு அடியில் படிந்து மேல்நீர் தெளிந்திருக்கும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது கரையோரக் கிணறுகளுக்குள் கடலே புகுந்தது. உப்பை வெளியேற்றுவதற்காகக் கிணறுகளை இறைத்தார்கள். ஆனால் மணற்பாங்கான கரையோரத்தில் நன்னீர் ஒரு மெல்லிய படையாக உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். இது பலருக்குப் பிந்தித்தான் விளங்கியது. அந்த அனுபவத்தின் பின்னர் குழாய் நீர் எங்களுக்கு வசதி என்ற நிலையிலிருந்து தேவை என்ற நிலைக்கு வந்துவிட்டது.

திருகோணமலை நகருக்கும் கிண்ணியாப் பகுதிக்கும் வரும் குழாய் நீரின் தாய்வீடு கந்தளாய்க் குளம். சிங்கள வரலாற்று மரபு அக்குளத்தை ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னனோடு சேர்த்துச் சொல்கின்றது. தமிழ் மரபு குளக்கோட்டனோடு சேர்த்துச் சொல்கின்றது. எந்த மரபை எடுத்துக்கொண்டாலும் குளம் மிகப் பழையது. பழைய கட்டுமானம் கவனிப்பை இழந்தால் என்ன நடக்கும் என்பதையும் அதே குளம்தான் எமது மாவட்டத்துக்குக் காட்டியது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை 3 மணியளவில் அதன் அணைக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1,600க்கும் அதிகமான வீடுகளும் ஏறத்தாழ 2,000 ஏக்கர் வயலும் வெள்ளத்தில் போயின. பழைய மண் அணையின் மேலால் மிகக் கனமான வாகனங்கள் ஓடியது காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகின்றது.

குளத்து நீரைக் குடிநீராக்கி எமக்கு அனுப்பும் பொறுப்பு தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையினுடையது. நாங்கள் 'வோட்டர் போட்' என்போம். 1974ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்டு 1975 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கியது.

ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் என்ன நடக்கின்றது? தேத்தாங்கொட்டையை நினைத்துக்கொள்ளுங்கள், பாதி விளங்கிவிடும். குளத்து நீரில் மிதக்கும் களித் துணிக்கைகள் மிகச் சிறியவை. அவை மறை மின்னேற்றம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எத்தனை நாளானாலும் அடியில் படியாமல் இருக்கும். தேத்தாங்கொட்டையின் வேலையை நிலையத்தில் சீனக்காரம் செய்கின்றது. அது அந்தத் தள்ளுகையை நீக்கிவிடும். துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுத் திரள்போலப் பெருக்கும். பாரம் கூடியதும் கீழே இறங்கும்.

எங்கள் ஆய்வுகூடத்தில் இதைச் செய்து பார்த்தோம். வயல் வாய்க்கால் நீரை ஆறு முகவைகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் சீனக்காரத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனோம். முதலில் வேகமாகக் கலக்கி, பிறகு மெதுவாகக் கலக்கி, அரை மணித்தியாலம் அசையாமல் வைத்தோம். முதல் இரண்டும் கலங்கலாகவே இருந்தன. நடுவில் இருந்தவை கண்ணாடிபோலத் தெளிந்தன. கடைசி முகவையில் அதிகம் போட்டிருந்தோமே, அதுதான் மிக நன்றாகத் தெளியும் என்று என் தோழி பந்தயம் கட்டியிருந்தாள். அது மீண்டும் மங்கலாகவே நின்றது. நிலையங்களிலும் இதே சோதனையைச் செய்துதான் அளவைத் தீர்மானிக்கின்றார்கள். மாரி மழை பெய்து குளம் கலங்கும்போது ஓர் அளவு. கோடையில் நீர் வற்றிப் பாசி பெருகும்போது வேறோர் அளவு. பெரிய இயந்திரங்களுக்கு நடுவில் இந்த ஆறு முகவைகள்தான் அங்கே மூளை என்று எனக்குத் தோன்றியது.

அடையல் தொட்டியில் தெளிந்த நீர் அடுத்ததாக மணல் வடிக்கு வரும். முக்கால் மீற்றர் அளவு தடிப்பான மணற்படை, அதன் கீழே கூழாங்கல், அதற்கும் கீழே நீரை வாங்கும் துளைக்குழாய்கள். மிஞ்சிய துணிக்கைகள் மணலில் சிக்கிக்கொள்ளும். சிக்கியவை கூடியதும் நீரைத் தலைகீழாக, கீழிருந்து மேலே பாய்ச்சி மணலைக் கழுவுவார்கள். இறுதியில் குளோரின். அதனைச் சேர்த்தவுடன் நீர் பாதுகாப்பாகிவிடாது. குறைந்தது 30 நிமிடம் நீரோடு இருந்து வேலை செய்த பின்னரும் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த மிச்சம்தான் வழித்துணை. வீட்டுக் குழாயை அடையும்போதும் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். குழாய் நீரில் மெல்லிய குளோரின் வாசம் வந்தால் "மருந்து வாசம்" என்று முகம் சுளிக்கின்றோம். நான் இப்போது அந்த வாசம் வராவிட்டால்தான் யோசிக்கின்றேன்.

இனி, முதுமை. ஒரு நிலையம் 30, 40 வருடம் ஓடிய பின் எதைப் புனரமைக்க வேண்டும்? கட்டடத்துக்குப் பூசும் நிறம் கடைசி வேலை. மணல் வடியைத் தோண்டினால் மணலும் சேறும் சேர்ந்து இறுகிய உருண்டைகள் கிடைக்கும். கழுவும் நீர் அந்த இடங்களை விலக்கிக்கொண்டு போய்விடும். பிறகு வடிகட்ட வரும் நீரும் இளகிய இடத்தால் மட்டும் வேகமாக இறங்கும். அடியிலுள்ள துளைகள் சில அடைத்திருக்கும், சில உடைந்து மணலையே கீழே விட்டிருக்கும். பம்பிகளின் சுழலிகள் தேய்ந்திருக்கும். மின்சாரக் கட்டணம் அதேதான், ஏறும் தண்ணீர் மட்டும் குறைவு. வால்வுகள் பாதியில் இறுகி நிற்கும். குளோரின் ஊட்டும் கருவி சரியான அளவைக் கொடுக்காது. இவை ஒவ்வொன்றாகப் பழுதாவதனால் எந்த ஒரு நாளிலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

இவற்றைத் திருத்துவது கடினமான பொறியியல் அல்ல. நிறுத்தாமல் திருத்துவதே கடினம். ஒரு பாடசாலையை விடுமுறையில் திருத்தலாம். குடிநீருக்கு விடுமுறை கிடையாது. அதனால் வடிகளில் ஒன்றை மூடி மற்றவற்றை ஓட்டுவார்கள். அடையல் தொட்டி ஒன்றே என்றால் முதலில் மாற்றுத் தொட்டி கட்டவேண்டும். சேமிப்புத் தாங்கியில் ஒரு நாள் நீரை நிறைத்துக்கொண்டு சில மணித்தியாலங்களுக்குள் பெரிய இணைப்பை மாற்றுவார்கள். பவுசர்கள் தயாராக நிற்கவேண்டும். ஒரு புனரமைப்புத் திட்டத்தின் தரத்தை அதன் மாற்று ஏற்பாட்டில் பார்க்கலாம் என்பேன். இதைக் குறிஞ்சாக்கேணி மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, புதிய பாலத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், களப்பைக் கடக்க மாற்றாக இருந்த இழுவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். புதியது வரும்வரை இடைக்காலத்தில் மக்கள் எதனை நம்பி இருப்பார்கள் என்ற கேள்வியை எங்கள் ஊரில் எந்தத் திட்டத்தைப் பற்றியும் முதலாவதாகக் கேட்கலாம்.

இதுவரை சொன்னது நிலையத்தின் கதை. எல்லாவற்றையும் புதுப்பித்து, அங்கே ஒரு குவளையில் மிகத் தூய நீரை எடுத்துக் காட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நீர் முப்பது நாற்பது கிலோமீற்றர் பயணம் செய்து எங்கள் ஒழுங்கைக்கு வரவேண்டும். சஹர் நேரத்துக் காற்றுச் சத்தம் பிறப்பது இந்தப் பயணத்தில்தான்.

உயரத் தாங்கியில் உள்ள நீரின் மட்டம் நிலத்திலிருந்து 20 மீற்றர் என்றால், அடியில் உள்ள குழாயில் ஏறத்தாழ 2 பார் அழுத்தம் இருக்கும். குழாயில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் அந்த அழுத்தம் நீரை வெளியேதான் தள்ளும். நட்டம்தான், ஆனால் வெளியில் உள்ள அசுத்தம் உள்ளே வராது. நீர் நிறுத்தப்பட்டுக் குழாய் வெறுமையாகும்போது நிலைமை தலைகீழாகின்றது. தாழ்ந்த இடத்தில் உள்ள வீட்டார் குழாயைத் திறக்க, குழாயினுள் நீர் இறங்கிப் போகப் போக, பின்னால் வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடம் எந்த வழியால் முடியுமோ அந்த வழியால் உறிஞ்சும். மேட்டில் திறந்து கிடக்கும் குழாயால் காற்றை உறிஞ்சும். அதே வெடிப்பினால் நிலத்தடி நீரையும் உறிஞ்சும். எங்கள் ஊரில் மாரி காலத்தில் நிலத்தை இரண்டு அடி தோண்டினால் தண்ணீர். அதே நிலத்தில்தான் மலசலகூடக் குழிகளும் இருக்கின்றன. நான் கேட்ட அந்த 'உஸ்' சத்தம், குழாய் சில மணித்தியாலங்களாக வெறுமையாகக் கிடந்தது என்பதற்குச் சாட்சி. காற்று நுழைந்த குழாயில் வேறு என்ன நுழைந்தது என்பதைச் சத்தம் சொல்வதில்லை.

பெற்றோரிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். எங்கள் வீட்டிலும் இது இருந்தது. தண்ணீர் மெதுவாக வருகின்றது என்று பிரதான குழாயிலிருந்து வரும் இணைப்பில் நேரடியாக மோட்டர் பூட்டி இழுக்கின்றோம். ஒரு வீட்டுக்கு நீர் கிடைக்கும். அந்த மோட்டர் தன் பங்கைக் குடித்து முடித்த பிறகும் குழாயை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒழுங்கையின் அழுத்தம் பூச்சியத்துக்குக் கீழே போகும். கடைசி வீட்டுக்கு நீர் போகாது. எல்லோருடைய வெடிப்புகளும் உள்நோக்கித் திறக்கும். நீரைச் சுத்தமாக்கச் செலவழித்த பணம் முழுவதையும் ஒரு மோட்டர் வீணாக்கக்கூடும்.

வெடிப்பு என்றால் வீதியில் ஊற்றெடுத்துப் பாயும் என்று எண்ணுகின்றோம். அப்படித் தெரிவதை ஒரு நாளில் திருத்திவிடுவார்கள். மணல் நிலத்தில் கசிவு மேலே வராமல் கீழேயே இறங்கிவிடும். வருடக்கணக்கில் யாருக்கும் தெரியாது. ஒரு கணக்கைப் பாருங்கள். செக்கனுக்கு ஒரு துளி, துளி கால் மில்லிலீற்றர். ஒரு நாளில் 86,400 துளி, அதாவது 21 லீற்றருக்கும் மேல். இது ஒரு வீட்டுக் குழாயின் சொட்டு மட்டும். நிலத்துக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான இணைப்புகளில் இப்படி நடந்தால்? கொழும்பு மாநகரில் நூறு வருடத்துக்கும் பழைய இரும்புக் குழாய்கள் இருந்தன. 2012 அளவில் அங்கு வழங்கிய நீரில் ஏறத்தாழப் பாதி கட்டணம் கிடைக்காத நீராகவே போனது. கசிவும் களவும் பழுதான மீட்டரும் அதில் சேர்த்தி. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அக்குழாய்களை மாற்றும் வேலை தொடங்கியது.

மறைந்த கசிவைக் கண்டுபிடிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஊரைச் சிறு வலயங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் வாயிலிலும் ஒரு மீட்டர் வைப்பார்கள். இரவு இரண்டு, மூன்று மணிக்கு எல்லோரும் உறங்கும்போது அதனை வாசிப்பார்கள். அந்த நேரத்தில் யாரும் குளிப்பதில்லை, சமைப்பதில்லை. அப்போதும் மீட்டர் வேகமாகச் சுழன்றால் அந்த நீர் மண்ணுக்குத்தான் போகின்றது. பிறகு வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி எந்தத் தெருவை மூடும்போது சுழற்சி குறைகின்றது என்று பார்ப்பார்கள். கடைசியில் ஒருவர் நீண்ட கோலின் ஒரு முனையைக் குழாயில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கசியும் ஓசையைக் கேட்பார். வைத்தியரின் வேலையேதான்.

குழாய் மாற்றுவதிலும் நுணுக்கம் உண்டு. பழைய இரும்புக் குழாயின் உட்புறம் துரு முடிச்சு முடிச்சாகக் கட்டி வழியை ஒடுக்கிவிடும். இலங்கையின் பல பழைய திட்டங்களில் அஸ்பெஸ்டஸ் சீமெந்துக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றின் ஆபத்து முக்கியமாக வெட்டும்போது எழும் தூசைச் சுவாசிப்பதில்தான். ஆகவே தோண்டி எடுக்காமல் நிலத்திலேயே விட்டு, பக்கத்தில் புதிய குழாய் இடுவது வழமை. புதிய குழாயை அழுத்தம் ஏற்றிப் பரிசோதித்து, வலுவான குளோரின் கரைசலை நிரப்பி ஒரு நாள் வைத்து, கழுவி, நீரைச் சோதித்த பின்னரே வீடுகளுக்கு இணைக்க வேண்டும். இதிலே ஒரு சோம்பல் நேர்வதுண்டு. பெரிய குழாயைப் புதிதாக இட்டுவிட்டு, வீட்டுக்கு வரும் சிறிய இணைப்பைப் பழையதாகவே விட்டுவிடுவார்கள். பெருமளவு கசிவு அந்தச் சிறிய இணைப்புகளிலும் மூட்டுகளிலும்தான். பழைய குழாயின் வாயையும் முறையாக மூடாமல் விட்டால், இரண்டு குழாயும் உயிரோடு இருந்து, இரண்டும் கசியும்.

நிலையத்தை மட்டும் பார்த்துக் குழாயை மறந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் பிளின்ற் நகரம் உதாரணம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க நீர் எடுக்கும் இடத்தை அந்நகரின் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. புதிய நீர் பழைய குழாய்களின் உட்படலத்தை அரித்தது; ஈயம் நீரில் கலந்தது. ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள், அவர்களில் சிறு பிள்ளைகள் எத்தனையோ பேர், அந்த நீரைக் குடித்தார்கள். நிறம் மாறிய நீரைப் போத்தலில் அடைத்துக் கூட்டங்களுக்குக் கொண்டுவந்து காட்டியவர்களில் தாய்மார் பலர். நீண்ட நாட்கள் அவர்களை யாரும் நம்பவில்லை. 2015 ஒக்டோபரில்தான் பழைய நீருக்குத் திரும்பினார்கள்.

மறுபுறத்தில் கம்போடியாவின் புனொம் பென். போரினால் சிதைந்த நகரம் என்பதால் அதன் கதை எங்களுக்கு நெருக்கமானது. 1993இல் எக் சொன் சான் என்ற பொறியியலாளர் அந்நகர நீர் வழங்கல் அதிகாரசபையைப் பொறுப்பேற்றபோது, உற்பத்தியான நீரில் 72 சதவீதம் காணாமல் போய்க்கொண்டிருந்தது. வெளிநாட்டு உதவியோடு நிலையங்களைப் புதுப்பித்தார்கள்தான். ஆனால் அவர் ஊழியர்களைத் தெருத்தெருவாக அனுப்பிக் குழாய்களையும் இணைப்புகளையும் கணக்கெடுக்கச் செய்தார். எல்லா வீட்டுக்கும் மீட்டர். கட்டணம் செலுத்தாதவர்களில் பெரிய மனிதர்களே அதிகம்; ஓர் இராணுவத் தளபதியின் வீட்டில் மீட்டர் பொருத்தப் போனபோது தன் தலைக்கு நேரே துப்பாக்கி நீட்டப்பட்டதாக அவர் சொல்லியிருக்கின்றார். இழப்பு சுமார் 6 சதவீதமாகக் குறைந்தது. 24 மணி நேரமும் அழுத்தத்தோடு நீர் வந்தது. 2006இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. விருதைவிட அந்த 24 மணி நேரமே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றது. இடைவிடாமல் நிறைந்திருக்கும் குழாய்க்குள் காற்றும் புகாது, சேறும் புகாது.

ஆகவே புனரமைப்புத் திட்டம் ஒன்று அறிவிக்கப்படும்போது "நாளைக்கு எத்தனை கன மீற்றர் கூடும்?" என்று மட்டும் கேட்டால் போதாது. கசிவை எவ்வளவு குறைப்பீர்கள், எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் அழுத்தம் எவ்வளவு இருக்கும், அங்கே மிச்சக் குளோரினை யார் அளப்பார், வீட்டு இணைப்பும் மாற்றப்படுமா என்றும் கேட்க வேண்டும். கூடுதல் நீரை ஓட்டைக் குழாய்க்குள் விட்டால் ஓட்டைதான் அதிகம் குடிக்கும்.

இதையெல்லாம் ஓரிரவு வாப்பாவிடம் சொன்னேன். உடனே ஒன்றும் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வாசலருகே நிலத்தடித் தாங்கி ஒன்று வாங்கி வைத்தார். இப்போது குழாய் நீர் தன் வேகத்தில் அதற்குள் விழுகின்றது. மோட்டர் அந்தத் தாங்கியிலிருந்து மட்டும் மேலே ஏற்றுகின்றது. நிரம்ப இரவு முழுவதும் எடுக்கின்றது என்று உம்மா முதல் வாரம் முணுமுணுத்தார். கடைசி வீட்டு மாமியிடம் "இப்ப தண்ணி வருதா?" என்று கேட்டேன். "முன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்ல மகள், ஆனா சத்தம் இன்னும் வருது" என்றார். எங்கள் ஒழுங்கையில் இன்னும் நான்கு மோட்டர்கள் இருக்கின்றன.